ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி நின்றுவிடும் என்று நம்பி ஓட்டாதீர்கள்

குன்னூரில் மைத்துனர் வீட்டுக்குப் போனால் ராத்திரி அவர் ஷெட்டில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கில் என் எலெக்ட்ரிக் காரை மாட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். காலையில் 100 சதவீதம் காட்டும். ஊருக்குக் கிளம்பும்போது பேட்டரி நிறைந்திருந்தால் நிம்மதியாகத்தானே இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் தடவை அப்படிக் கிளம்பி, மேட்டுப்பாளையம் சாலையில் இறங்க ஆரம்பித்து, வளைவு வருகிறதே என்று வழக்கம்போல ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்கினேன். கோவையில் காலை எடுத்த மாத்திரத்தில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வேகம் குறைக்கும் அதே வண்டி, அன்றைக்கு எதுவும் நடக்காததுபோல இறங்கிக்கொண்டே இருந்தது. டிஸ்ப்ளேயில் பேட்டரிக்கு மின்சாரம் திரும்புவதைக் காட்டும் பச்சைப் பட்டை ஏற வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கால் தானாக பிரேக்குக்குப் போனது, விபத்து எதுவும் இல்லை. ஆனால் பர்லியாற்றில் பழக்கடைகள் பக்கம் வண்டியை ஓரம்கட்டி இறங்கியபோது முன்சக்கரங்களிலிருந்து பிரேக் கருகும் வாடை அடித்தது. பின்சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். அந்த வாடை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எலெக்ட்ரிக் கார் வாங்கிய யாரிடம் பேசினாலும் முதலில் சொல்வது ஒற்றை பெடல் சுகத்தைத்தான். காலை அழுத்தினால் ஓடுகிறது, தூக்கினால் நிற்கிறது, சிக்னலுக்கு சிக்னல் பிரேக்கைத் தொடவே வேண்டாம். உண்மைதான், நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன், யாரையும் விடச் சொல்லவில்லை. ஆனால் அந்த இழுவை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து ஓட்ட வேண்டும். நீங்கள் காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது, சக்கரத்தின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குள் அனுப்புகிறது, இதைத்தான் ரீஜென் என்கிறோம். பேட்டரியால் வாங்கிக்கொள்ள முடிந்த அளவுக்குத்தான் இழுவை கிடைக்கும். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. பேட்டரி நிறைந்திருந்தால் வண்டியே ரீஜெனைக் குறைத்துவிடும், சில வண்டிகளில் அநேகமாக நிறுத்தியே விடும். வேறு சில வண்டிகள் அந்தக் குறையை நிரப்ப பிரேக் பேடைத் தாமாகவே அழுத்தி, காலுக்கு அதே உணர்வைத் தந்துவிடும். அதில் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் சூடாவது பேடுதான். உங்கள் வண்டி இதில் எந்த ரகம் என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், இது மலைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை.

பெட்ரோல் வண்டியில் மலை இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும், டேங்க் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அது மாறாது. நீலகிரிப் பாதைகளில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பதே அதற்காகத்தான். நம் வண்டியில் அந்தப் பிடி பேட்டரியின் கையில் இருக்கிறது. அதோடு அதே அளவு பெட்ரோல் காரைவிட நம்முடையது இருநூறு முந்நூறு கிலோ கூடுதல் எடை. ஆக, மலை உச்சியில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்குவதுதான் இதில் பெரிய தவறு என்று நான் சொல்வேன், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

எவ்வளவு இடம் விட வேண்டும்? கணக்கு கடினமில்லை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், இறக்கம் 1,500 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களோடு 1,700 கிலோ இருக்கும் வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவரும் சக்தி ஏறக்குறைய 7 யூனிட். டயர் உராய்வு, காற்று, மோட்டாரிலும் பேட்டரியிலும் ஆகும் சேதாரம் எல்லாம் கழித்தால் மூன்றரை, நான்கு யூனிட் திரும்பி வரும். 30 யூனிட் பேட்டரியில் அது பத்து சதவீதத்துக்கு மேல். அதனால் 80, 85 சதவீதத்தோடு கிளம்பினால் போதும், மேட்டுப்பாளையம் வரும்போது கிளம்பியதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இப்போதெல்லாம் மைத்துனர் வீட்டில் சார்ஜ் வரம்பை 80-இல் வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். உங்கள் வண்டியில் அந்த வசதி இல்லையென்றால் சார்ஜ் ஏற எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, ராத்திரி நேரம் கழித்து மாட்டுங்கள். அப்படியும் நிறைந்துவிட்டதா, பரவாயில்லை, மெதுவாக இறங்குங்கள். பிரேக்கை லேசாக மிதித்தபடியே வராமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட்டு வாருங்கள், இடையில் எங்காவது நின்று டீ குடித்துவிட்டு பிரேக் ஆறிய பிறகு கிளம்புங்கள்.

குளிரும் இதே வேலையைச் செய்யும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலைகளில் ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியின் பேட்டரி, பாதிதான் நிறைந்திருந்தாலும், சார்ஜை வேகமாக வாங்கிக்கொள்ளாது. நம் ஊரில் பல வண்டிகளில் இருக்கும் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இந்த விஷயத்தில் இன்னும் மந்தம். முதல் சில கிலோமீட்டர் ரீஜென் பலவீனமாக இருந்து, பேட்டரி சூடாகச் சூடாகக் கூடிக்கொண்டே வரும். ஒரே பயணத்தில், ஒரே செட்டிங்கில், காலை எடுத்தால் கிடைக்கும் இழுவை மாறிக்கொண்டிருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டிரைவர்களிடமிருந்து நாம் கற்ற ஒரு கெட்ட பழக்கம், இறக்கத்தில் நியூட்ரலில் போடுவது. எலெக்ட்ரிக் காரில் நியூட்ரல் போட்டால் ரீஜென் சுத்தமாகப் போய்விடும், பேட்டரிக்கும் ஒன்றும் வராது, பாரம் முழுவதும் பேடுகள் தலையில். மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்துச் செய்வது இரண்டு பக்கமும் நஷ்டம். மலையில் கண்டிப்பாக வேண்டாம்.

இனி சமவெளிக்கு வருவோம். அவசரத்தில் காலை எடுப்பதே பிரேக் என்று உடம்பு பழகிப்போவதுதான் இங்கே எனக்கு மிகவும் பயம் தரும் விஷயம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், முன்னால் ஒரு டூவீலர் சட்டென்று குறுக்கே திரும்புகிறது. பலமான ரீஜென்கூட நொடிக்கு நொடி சுமார் 7 கிலோமீட்டர் வேகத்தைத்தான் குறைக்கும், அப்படிக் குறைந்து நிற்க கிட்டத்தட்ட 70 மீட்டர் வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை முழுபலத்தோடு மிதித்தால் 17, 18 மீட்டரில் நின்றுவிடும். ஆறு பஸ் நீளத்துக்கும் ஒன்றரை பஸ் நீளத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. மாதக்கணக்கில் பிரேக்கைத் தொடாமல் ஓட்டியவருக்கு அந்த அரை நொடியில் கால் எங்கே போக வேண்டும் என்பதே மறந்துபோயிருக்கலாம். இன்னும் மோசமானது, பதற்றத்தில் இருக்கும் இடத்திலேயே காலை அழுத்திவிடுவது, ஏனென்றால் ஒற்றை பெடலில் ஓட்டும்போது வலது கால் நாள் முழுக்க ஆக்சிலேட்டர் மேலேயே இருக்கிறது. எலெக்ட்ரிக் மோட்டார் அழுத்திய கணத்திலேயே முழு விசையோடு பாயும், பெட்ரோல் என்ஜின் தரும் சின்னத் தாமதம்கூட இங்கே கிடையாது.

அதனால் நான் செய்வது இதுதான். குதிகாலைத் தரையில் பிரேக்குக்கு நேராக ஊன்றிக்கொண்டு, பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஆக்சிலேட்டர் பக்கம் சாய்த்து ஓட்டுகிறேன். பள்ளிக்கூடம், சந்தை, பஸ் ஸ்டாண்ட் மாதிரி இடங்களில் காலை எடுத்து பிரேக் மேல் மிதிக்காமல் வைத்துக்கொள்கிறேன், வண்டி ரீஜெனில் வேகம் குறைந்துகொண்டிருக்கும், கால் தயாராக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான மைதானத்துக்குப் போய் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்து நிறுத்திப் பார்த்தேன், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் காலுக்கடியில் தடதடவென்று துடித்தது. வண்டி வாங்கி எட்டு மாதத்தில் அந்தத் துடிப்பை அன்றுதான் முதன்முதலில் உணர்ந்தேன். நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள், தயவுசெய்து.

பின்னால் வருபவர்களையும் நினைக்க வேண்டும். நம் ஊரில் பைக்குகள் காருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது தெரிந்ததே. அவர்களுக்குத் தெரிவது சிவப்பு விளக்கு மட்டும்தான். காலை எடுத்ததும் விளக்கு எரியுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. பிரேக் விதி 13-ஹெச் படி, ரீஜெனால் வேகம் நொடிக்கு நொடி சுமார் 4.7 கிலோமீட்டருக்கு மேல் குறைந்தால் விளக்கு எரிந்தே ஆக வேண்டும், 2.5-க்குக் கீழே எரியக் கூடாது, நடுவில் இருந்தால் தயாரிப்பாளர் விருப்பம். சில வண்டிகளில் விளக்கு, வேகம் குறைவதைப் பார்க்காமல் ஆக்சிலேட்டர் பெடலின் நிலையைப் பார்த்தது. 2023-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு இதைச் சுட்டிக்காட்டியது, ஹூண்டாய் குழுமத்தின் சில எலெக்ட்ரிக் கார்களில் அந்தப் பெடலில் கால் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தால், வண்டி நன்றாக வேகம் குறைந்தபோதுகூட, விளக்கு எரியவில்லை. உங்கள் வண்டி எப்படி என்று ராத்திரியில் ஒரு நண்பரைப் பின்னால் வரச்சொல்லிச் சோதியுங்கள், பத்து நிமிட வேலை. சந்தேகமாக இருந்தால் சிக்னலை நெருங்கும்போது பிரேக்கை ஒரு தொடு தொட்டுவிடுங்கள், உங்களுக்குத் தேவையில்லை என்றாலும் பின்னால் வரும் பையனுக்குத் தேவை.

மழையில் ரீஜெனை உச்சத்தில் வைப்பதும் தவறுதான். ரீஜென் மோட்டார் இணைந்த சக்கரங்களில் மட்டும்தான் வேலை செய்யும், நம் ஊரில் விற்கும் சின்ன கார்கள் அநேகமாக முன்சக்கர டிரைவ். ஈரச்சாலையில், யூகலிப்டஸ் இலையும் சேறும் கிடக்கும் வளைவில் சட்டென்று காலை எடுத்தால் முன்சக்கரம் வழுக்கி, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். பின்சக்கர டிரைவ் என்றால் வால் சுழலும். மழை பிடித்ததும் ஒரு லெவல் குறைத்துக்கொண்டு, வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். குழியிலும் ஸ்பீடு பிரேக்கரிலும் சக்கரம் ஒரு கணம் பிடி விட்டால் வண்டி ரீஜெனைச் சட்டென்று கைவிடும், அப்போது கார் முன்னால் தாவுவதுபோல ஒரு உணர்வு வரும். வண்டி கெட்டுப்போய்விட்டதோ என்று பதற வேண்டாம், பிரேக்கை மிதியுங்கள்.

வண்டி நின்றுவிட்டது என்று இறங்குவதிலும் கவனம் வேண்டும். 2017-இல் வந்த நிஸான் லீஃப் மாதிரி சில வண்டிகள் தேவைப்பட்டால் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து மேட்டில்கூட நிற்கும். வேறு பல வண்டிகளில் கடைசி ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் ரீஜென் மங்கிவிடும், லேசான சரிவு இருந்தால் நகர ஆரம்பிக்கும். என்ஜின் சத்தம் இல்லாததால் வண்டி ஆனில் இருப்பதே மறந்துபோகும். பார்க்கிங்கில் போட்டு, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துவிட்டு, அப்புறம் கதவைத் திறங்கள்.

நெடுஞ்சாலையில் ரீஜெனை உச்சத்தில் வைத்தால் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், கூடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒருமுறை வேகமாக மாறிய சக்தியைப் பிடித்து பேட்டரிக்கு அனுப்பி மறுபடி சக்கரத்துக்குக் கொண்டுவருவதில் நல்ல பங்கு சேதாரமாகப் போகும், அந்த வேகத்தை அப்படியே உருளவிடுவதுதான் லாபம். கோவையிலிருந்து சேலம் போகும்போது நான் குறைந்த லெவலில் வைத்து தூரத்திலேயே காலை எடுத்து உருளவிடுவேன், காந்திபுரம் நெரிசலில் உச்சத்தில் வைப்பேன். எந்த லெவலிலும் காலைப் பட்டென்று தூக்காதீர்கள். பெடலை மெல்ல விட வேண்டும், பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவதற்கு முக்கியக் காரணம் அவசரக் கால்தான்.

பிரேக்கைப் பயன்படுத்தாமலே இருந்தால் டிஸ்க்கில் துரு ஏறும், சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். தேய்வு குறைவாக இருக்கும் பின்சக்கரத்துக்கு டிஸ்க் வேண்டாம் என்று ஃபோக்ஸ்வேகன் ஐடி.3-இல் டிரம் பிரேக்கே வைத்தார்கள், துருப் பிரச்சனையும் அதற்கு ஒரு காரணம். வாரத்துக்கு ஒருமுறை ரீஜெனை அணைத்துவிட்டு நாலைந்து தடவை பிரேக்கிலேயே நிறுத்துங்கள். பேடு தேயவில்லை என்பதற்காக பிரேக் ஆயிலை மாற்றாமல் விடாதீர்கள், அது ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் இருக்கும், தேய்மானத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரே வண்டியை இரண்டு பேர் ஓட்டும் வீடுகளில் இன்னொன்று இருக்கிறது. என் மனைவிக்கு லெவல் 1 தான் பிடிக்கும், எனக்கு 3. அவள் ஓட்டிய அடுத்த நாள் நான் ஏறினால் கால் எதிர்பார்ப்பது ஒன்று, வண்டி செய்வது இன்னொன்று. சில வண்டிகள் அணைத்துப் போட்டாலே பழைய லெவலை மறந்துவிடுகின்றன. அப்பாவின் பழைய பெட்ரோல் காரை எடுக்கும் நாட்களிலும் இதே கதைதான், காலை எடுத்தால் அது உருண்டுகொண்டே போகும். அதனால் சீட் பெல்ட் போட்டதும் டிஸ்ப்ளேயில் லெவலைப் பார்த்து, கேட்டைத் தாண்டும் முன் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் தெருவுக்கு எடுக்கிறேன்.