புது மின்சார காரில் ஊருக்குப் போகிறீர்களா? திரும்பி வருவதையும் சேர்த்து யோசியுங்கள்

சனிக்கிழமை டெலிவரி எடுத்து, அல்சூர் கோயிலில் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, மறுநாள் விடியற்காலையே ஊருக்குக் கிளம்பிவிட வேண்டும். பெங்களூருத் தமிழர்கள் பலருக்கும் இந்த ஆசை உண்டு. பெட்ரோல் கார் என்றால் சரி. மின்சார காரில் இந்த அவசரம் வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் ஊருக்குள் ஓட்டிவிட்டுப் போங்கள்.

அந்தப் பத்து நாளில் வேலை இருக்கிறது. ஃபாஸ்டேக் சேசிஸ் எண்ணில் கொடுக்கப்பட்டிருந்தால் பதிவு எண்ணை அதில் ஏற்ற வேண்டும். ஓசூருக்கு முன்னால் வரும் அத்திப்பள்ளி டோலில் பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்போது செய்கிற வேலை இல்லை அது. யார்டில் நின்ற வண்டிக்குக் காற்று கூடுதலாக இருக்கலாம், அளந்துகொள்ளுங்கள். பல மின்சார கார்களில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான். அதை ஒருமுறையாவது பிரித்துப் பாருங்கள். சார்ஜிங் ஆப் ஒன்று போதாது. மூன்று நான்கு வைத்து, வாலட்டில் பணமும் போட்டு, வீட்டுக்குப் பக்கத்து டிசி சார்ஜரில் (வேகமாக ஏற்றும் பொது சார்ஜர்) ஒருமுறை முழுக்கச் சோதித்துவிடுங்கள். கன்னை, அதாவது வண்டியில் செருகும் சார்ஜர் முனையை, மாட்டுவது எளிது. முடிந்தபிறகு கழற்ற வராமல் இழுத்துக்கொண்டு நிற்பவர்கள்தான் அதிகம்; பாதிப் பேர் வண்டியை அன்லாக் செய்யாமல் இழுக்கிறார்கள்.

அடுத்த தவறு, ‘இன்னும் இத்தனை ஓடும்’ என்று டேஷ்போர்டு காட்டும் கிலோமீட்டரை நம்புவது. அந்த எண் நீங்கள் இதுவரை ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் கணக்கு. பெட்ரோல் காருக்கு டவுனில் மைலேஜ் குறையும், ஹைவேயில் கூடும். இங்கே தலைகீழ். பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்த வண்டி பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனால் எண் அழகாகத் தெரியும். ஓசூர் தாண்டி 100-ல் பிடித்தால் கரையத் தொடங்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றை எதிர்க்கும் செலவு மட்டும் ஒன்றரை மடங்கு தாண்டும். மேலே கேரியர் கட்டி மூட்டை ஏற்றினால் இன்னும் மோசம். ஆகவே அந்தக் கிலோமீட்டரைப் பார்க்காமல், யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதைப் பாருங்கள். ஒருநாள் ஓசூர்வரை போய் வந்தாலே உங்கள் வண்டியின் கணக்கு பிடிபட்டுவிடும்.

சார்ஜர் பலகையில் 60 கிலோவாட் என்று எழுதியிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு சார்ஜரில் நான் கன் மாட்டியபோது திரையில் 54 காட்டியது. காபி வாங்கி வருவதற்குள் 28. பார்த்தால் பக்கத்துக் கன்னில் இன்னொரு வண்டி. இரண்டு கன் உள்ள பல மெஷின்கள் இப்படித்தான் பங்கு போட்டுக்கொள்ளும். பங்காளி இல்லாவிட்டாலும் 80 சதவீதத்துக்கு மேல் வேகம் விழுந்துவிடும். நூறு வரை காத்திருப்பது நேர விரயம். 80-ல் கழற்றிக்கொண்டு கிளம்பி, வழியில் இன்னொரு முறை போடுவதே பெரும்பாலும் லாபம். ஆனால் அந்த அடுத்த சார்ஜர் வேலை செய்யவில்லை என்றால் அதற்கடுத்த சார்ஜருக்குப் போகும் அளவு மிச்சம் வேண்டும். நான் 20 சதவீதத்துக்குக் கீழே விடுவதில்லை.

இவ்வளவும் போகிற வழிக்கு. அதை எல்லோரும் ஓரளவு யோசித்துவிடுகிறார்கள். வரும் வழியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். போகும்போது ஒரே மூச்சில் வந்த தூரம் திரும்பும்போதும் வரும் என்று நினைப்பதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரை 150 மீட்டருக்கும் கீழே. ஆளும் சாமானும் ஏறிய இரண்டு டன் வண்டியை 750 மீட்டர் மேலே தூக்க மட்டும் 4 யூனிட் வேண்டும். இறங்கும்போது கிட்டத்தட்ட அதே அளவு மிச்சமாகியிருக்கும். ஆக, போவதற்கும் வருவதற்கும் நடுவே 7, 8 யூனிட் வித்தியாசம், அதாவது 45, 50 கிலோமீட்டர். தொப்பூர் கணவாயில் ஏறுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் வரும் 50 கிலோமீட்டர்தான் ஏமாற்றும். நேர்ச் சாலை போலவே இருக்கும், ஆனால் 350 மீட்டருக்கு மேல் ஏற்றம். கிருஷ்ணகிரியில் “வீடு பக்கம்தானே” என்று சார்ஜ் போடாமல் வருகிறவர்கள் அத்திப்பள்ளி நெரிசலில் ஏசியை அணைத்துவிட்டு வியர்த்து வழிகிறார்கள்.

ஊரில் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. மதுரைக்குப் பக்கத்தில் மாமனார் வீட்டில், மோட்டார் ரூமில் 15 ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறது என்று போனிலேயே கேட்டு வைத்திருந்தேன். இரவு பத்து மணிக்குச் செருகினால் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு. மாற்றி மாற்றிச் செருகினேன். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமனார், “என்ன மாப்ள, வண்டிக்கு நம்ம ஊர் கரண்டு ஒத்துக்கலையா?” என்றார். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் பல்பைப் பிடித்தார், எரியவில்லை. எர்த் கம்பி குழிக்குப் பக்கத்தில் துருப்பிடித்து அறுந்து கிடந்தது. எத்தனை வருடமாகவோ. வண்டி வராதிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

எர்த் இல்லாவிட்டால் சார்ஜர் மறுத்துவிடும், அது நம் நல்லதுக்குத்தான். அதை ஏமாற்றும் குறுக்குவழி சொல்பவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். 3 கிலோவாட் இரவு முழுக்க ஓடினால் அது உருகும். இன்வெர்ட்டர் லைனில் உள்ள பாயிண்ட்டும் ஆகாது. ஒரு இரவில் 30 யூனிட் ஏறும் என்பதால் இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்ற கணக்கில் வாழும் வீட்டுக்கு அது தெரியாமல் போகாது. பில் காசைப் பேரனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மாமனாரிடம் நேரே நீட்டினால் வாங்குவாரா?

நீங்கள் போவதற்கு ஒரு வாரம் முன்பே ஊரிலுள்ள எலக்ட்ரீஷியனை அனுப்பி அந்தப் பாயிண்ட்டைப் பார்க்கச் சொல்லிவிடுங்கள். பொங்கல், தீபாவளி முடிந்து திரும்பும் ஞாயிறு மதியம் சேலம் முதல் கிருஷ்ணகிரி வரை சார்ஜர்களில் வரிசை நிற்கும். அன்று இரவு வீட்டிலேயே 100 ஏற்றிக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால், சேலத்தில் இட்லி சாப்பிடும் நேரத்துக்கு அங்கே கன் காலியாக இருக்கும்.