ரிட்டுக்ஸிமாப் ஏற்றிக்கொள்ளப் போகிறவர்கள் செய்யக் கூடாதவை

யாங்கூனில் ரத்தப் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். பழைய நோயாளிகள் செய்து அவதிப்பட்ட அதே காரியங்களைப் புதிதாக வருகிறவர்களும் வரிசை தவறாமல் செய்கிறார்கள். மோல்மேனிலிருந்து இரவு பஸ் ஏறி வரும் நம்மவர்களுக்குப் பர்மியத்தில் டாக்டர் சொல்வது பாதிதான் புரிகிறது. மீதியைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரிப்போர்ட்டை மறக்காதீர்கள், துணைக்கு ஆள் கூட்டி வாருங்கள் என்பதெல்லாம் வார்டு வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்.

மருந்தைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய்க்கும் சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கும் கொடுக்கப்படும் ரிட்டுக்ஸிமாப், பி வகை வெள்ளணுக்களின் மேலிருக்கும் சி.டி.20 என்ற புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். புற்றான அணு, நல்ல அணு என்று அது பேதம் பார்க்காது, இரண்டையும் அழிக்கும். நல்ல அணுக்கள் மறுபடி தலையெடுக்க 6 மாதம், ஒரு வருடம் கூட ஆகும். அதுவரை உடம்பின் காவல் குறைந்தே இருக்கும்.

பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது

முதல் டோஸ் மணிக்கு 50 மில்லிகிராம் வேகத்தில் தொடங்கும். உடம்பு ஒத்துக்கொண்டால் அரை மணிக்கு ஒருமுறை 50 கூட்டி, அதிகபட்சம் 400 வரை போவோம். ஆகவே முதல் நாள் 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிறது, வேகத்தைக் கூட்டுங்கள் என்று கேட்காதீர்கள்.

ஒவ்வாமை போன்ற எதிர்விளைவு பெரும்பாலும் இந்த முதல் டோஸில்தான், தொடங்கிய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டும். ஒரு பெரியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். கேட்டால் ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்றார். போர்வைக்குள் கை நடுங்குவதைப் பார்த்து விலக்கினேன். கழுத்திலிருந்து மார்பு வரை தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. மருந்தை நிறுத்தி ஊசி போட்டதும் அடங்கியது. பிறகு பாதி வேகத்தில் மிச்சத்தையும் ஏற்றி முடித்தோம். நர்ஸுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைத்தாராம். குளிர், தொண்டை அரிப்பு, நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், எதுவானாலும் அந்த நிமிடமே கூப்பிடுங்கள். அதற்காகத்தான் நாங்கள் நிற்கிறோம்.

காலையில் வழக்கம்போல் பிரஷர் மாத்திரை

மருந்து ஏறும்போது ரத்த அழுத்தம் இறங்கலாம். அதனால் முந்தைய 12 மணி நேரத்துக்குப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவைக்கச் சிலருக்கு டாக்டர் சொல்வார். நீங்களாக விழுங்கவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். முந்தைய நாளே கேட்டுவிடுங்கள்.

பி கிருமியை அலட்சியம் செய்வது

எனக்கு இன்றும் கோபம் ஆறாத தவறு இது. ஹெபடைட்டிஸ் பி, அதாவது கல்லீரலைத் தாக்கும் பி கிருமி, நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. எப்போதோ வந்து தானாக ஆறிப்போனவர்களின் கல்லீரல் அணுக்களிலும் அது நீறு பூத்த நெருப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தலைதூக்க விடாமல் பார்த்துக்கொள்வதில் பி அணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த அணுக்களை ரிட்டுக்ஸிமாப் துடைத்தெடுத்துவிட்டால் கிருமி மறுபடி பெருகும். கல்லீரல் செயலிழந்து உயிரே போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் இதை இந்த மருந்தின் கறுப்புக் கட்ட எச்சரிக்கையில், அதாவது மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கையில், சேர்த்தது.

குடும்பங்கள் எங்கே சறுக்குகின்றன? முதலில், கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்த அட்டையைக் காட்டி, நெகட்டிவ், பி கிருமி இல்லை என்று சாதிப்பார்கள். அந்த அட்டை காட்டுவது மேற்புற ஆன்டிஜன் என்கிற, கிருமியின் மேலுறைப் புரதம் ஒன்றைத்தான். பழைய தொற்றைக் கண்டுபிடிக்க ஆன்டி-எச்.பி.சி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை வேண்டும். முதல் டோஸுக்கு முன்பே இரண்டும் எடுத்திருக்க வேண்டும். டாக்டர் எழுதித் தந்தும், செலவை மிச்சம் பிடிக்க இரண்டாவதை விட்டுவிட்டு வருகிறார்கள். அடுத்தது மறைப்பது. பி கிருமி இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும், பெண்ணுக்கு வரன் அமையாது என்று எங்களிடம்கூடச் சொல்லாமல் இருக்கிறார்கள். வார்டில் உண்மையைச் சொன்னால் ஒரு மாத்திரையில் தடுத்துவிடலாம்.

அந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. என்டெகாவிர் அல்லது டெனோபோவிர், தினம் ஒன்று. மோல்மேன் பக்கத்து அண்ணன் ஒருவர் லிம்போமாவுக்கு 6 சுற்றும் முடித்தார். ஸ்கேன் சுத்தமாக வந்தது. கோயிலில் அன்னதானம் போட்டார்கள். புற்றுநோய் மருந்து முடிந்ததே, மாத்திரை எதற்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டார். சில மாதம் கழித்து மகன் அழைத்து வந்தபோது கண் மஞ்சள் பூத்து, வயிற்றில் நீர் கோத்திருந்தது. காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய் கடைசிவரை திரும்பவே இல்லை. சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற மாத்திரை அது!

கடைசி டோஸுக்குப் பிறகும் குறைந்தது 12 முதல் 18 மாதம் அந்த மாத்திரையைத் தொடர வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சிகிச்சை முடிந்து 24 மாதம் வரைகூடக் கிருமி தலைதூக்கியதுண்டு; அதனால் நிறுத்திய பிறகும் கல்லீரல் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். என்டெகாவிர் என்றால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டுக்கொண்டு, அடுத்த இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடுவது

38 டிகிரியைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. நள்ளிரவானாலும்.

உயிருள்ள கிருமித் தடுப்பூசி

கூடாது.

குழந்தை

கடைசி டோஸிலிருந்து 12 மாதம் வரை பெண்கள் கருத்தரிக்கக் கூடாது.

மருந்தை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைப்பது

வெளியில் வாங்கி வரச் சொன்னால் பலர் ஒரு வாரம் முன்பே வாங்கி வீட்டு பிரிட்ஜில் வைக்கிறார்கள். இது எந்நேரமும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் அது நடக்காது. ஜெனரேட்டர் உள்ள மருந்துக் கடையில் அன்று காலையே வாங்குங்கள். ஐஸ் பெட்டியில் குப்பியை நேராக ஐஸ் மேல் வைத்தால் உறைந்து வீணாகும். துண்டில் சுற்றி வையுங்கள், குலுக்காதீர்கள். அளவை உடம்பின் பரப்பைக் கணக்கிட்டு முடிவு செய்கிறோம், சதுர மீட்டருக்கு 375 மில்லிகிராம். 600 என்று சீட்டில் இருந்தால் 500 குப்பி ஒன்றும் 100 குப்பி ஒன்றும் போதும். 500இல் இரண்டு வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். அட்டைப் பெட்டியையும் ரசீதையும் குப்பியோடு கொண்டுவாருங்கள், பேட்ச் எண்ணை உங்கள் புத்தகத்தில் குறித்துத் தருகிறோம்.