கரண்ட் வந்தும் மெயில் சர்வர் எழும்பவில்லையா? இவற்றைச் செய்யாதீர்கள்

குமரி மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. இரண்டு பருவத்திலும் கரண்ட் போகும். யுபிஎஸ் பேட்டரி பழசென்றால் சர்வரும் கூடவே விழும். திரும்ப எழும்பும்போது, கடிதத்தை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸோ, அதைப் பெட்டியில் வைத்துக் காட்டும் டவ்காட்டோ முரண்டு பிடிக்கும். அப்போது புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கைவைக்கிற இடங்களைப் பார்த்தால், பழைய ஆட்கள் கையைச் சுட்டுக்கொண்ட அதே இடங்கள்தான். பூட்டில் தானாக எழும்பும்படி சர்வீஸை ‘எனேபிள்’ செய்ய மறப்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. ஒருமுறை பட்டால் அது யாருக்கும் மறக்காது.

பச்சை எழுத்தை நம்புவது

டெபியன் 12, உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இரண்டிலும் ‘போஸ்ட்ஃபிக்ஸ்.சர்வீஸ்’ வெறும் உறை. நிஜமாக ஓடுவது ‘போஸ்ட்ஃபிக்ஸ்@-.சர்வீஸ்’. உள்ளே ஒன்றுமே ஓடாதபோதும், ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ அடித்தால் உறை ‘ஆக்டிவ், எக்ஸிட்டட்’ என்று பச்சையில் காட்டும். ‘எஸ்எஸ் -எல்டிஎன்பி’ அடித்து 25-ஆம் போர்ட் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். சில நேரம் வேறொரு புரோகிராம் உட்கார்ந்திருக்கும். யாரோ அதை அன்றைக்கு நிறுத்தியதோடு சரி, ‘டிஸேபிள்’ செய்யவில்லை.

‘பெர்மிஷன் டினைட்’ கண்டதும் சௌன் (ஓனரை மாற்றும் கட்டளை) அடிப்பது

எரிச்சல் மூட்டுவது இதுதான்.

மார்த்தாண்டத்தில் ரப்பர் வாங்கி விற்கிற ஒரு அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயில் பெட்டிகள் தனி டிஸ்க்கில்; அது /வார்/விமெயில் என்ற ஃபோல்டரில் மவுண்ட் ஆகிறது, அதாவது அங்கே வந்து இணைகிறது. டிஸ்க் கிடைக்காவிட்டால் பூட் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடுகிறதே என்று, எந்த டிஸ்க் எங்கே என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் எப்போதோ யாரோ ‘நோஃபெயில்’ சேர்த்திருக்கிறார்கள். அதற்கப்புறம், சர்வீஸ்களை எழுப்புகிற சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காகக் காத்திருக்காது. மழை நாளில் கரண்ட் போய் வருகிறது. டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, டவ்காட் மட்டும் எழும்பிவிட்டது. மவுண்ட் பாயின்ட் இப்போது வெறும் ஃபோல்டர்; ஓனர் மெயிலுக்கான ‘விமெயில்’ பயனர் அல்ல, ரூட். லாகில் வரிசையாக ‘பெர்மிஷன் டினைட்’.

புதியவர் என்ன செய்கிறார்? ‘சௌன் -ஆர் விமெயில்’ அடிக்கிறார். பிழை போய்விடுகிறது. டவ்காட், சிஸ்டம் இருக்கிற ரூட் டிஸ்க்கிலேயே காலிப் பெட்டிகளை உருவாக்கிக் கொடுக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஃபோன்: “சாரே, மெயில் மொத்தமும் காணல்ல!” பெட்டியின் அடையாள எண்ணான யுஐடி-வேலிடிட்டி மாறியதால் ஐமேப் வழியாகப் பார்க்கிற அவுட்லுக்கும் தண்டர்பேர்டும் கையிலிருந்த நகலைத் தூக்கி எறிந்துவிட்டன. அடுத்த ரீபூட்டில் டிஸ்க் ஒழுங்காக மவுண்ட் ஆனால் பழையது திரும்பும், ஆனால் இடையில் வந்த கடிதங்கள் மவுண்டுக்கு அடியில் புதைந்துவிடும். அதோடு எல்லா கம்ப்யூட்டரும் பழைய மெயிலை முதலிலிருந்து இறக்கத் தொடங்கும்.

அந்தப் பிழை உங்களைக் காப்பாற்ற வந்தது. பெட்டி கிடைக்காவிட்டால் கடிதம் போஸ்ட்ஃபிக்ஸ் கியூவில் இருக்கும். அதன் இயல்பான கெடு 5 நாள், அவசரமே இல்லை. முதலில் ‘ஃபைண்ட்எம்என்டி /வார்/விமெயில்’ அடியுங்கள். ஒன்றும் வராவிட்டால் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை என்று பொருள்; டவ்காட்டை நிறுத்திவிட்டு டிஸ்க்கைக் கவனியுங்கள்.

ஏற்கெனவே சௌன் அடித்தாயிற்றா? இரண்டு சர்வீஸையும் நிறுத்தி டிஸ்க்கை மவுண்ட் செய்யுங்கள். பிறகு ‘மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி’ போட்டால் /எம்என்டி/வார்/விமெயில் வழியாக அடியில் புதைந்தவை தெரியும். மெயில்டிர் முறையில் ஒவ்வொரு கடிதமும் தனிப் பெயருள்ள தனி ஃபைல் என்பதால், அவற்றை அந்தந்த ஆளின் ‘நியூ’ ஃபோல்டருக்கு, ஓனர் மாறாமல், காப்பி செய்யலாம். ‘டவ்காட்-யுஐடிலிஸ்ட்’, ‘டவ்காட்.இண்டெக்ஸ்’ என்று தொடங்குபவற்றைத் தொடாதீர்கள். அவையும் அங்கே போய்ச் சேர்ந்தால் நிஜப் பெட்டியின் கணக்கும் குழம்பும்.

மறுபடி வராமலிருக்க இரண்டு வேலை. ‘சிஸ்டம்சிடிஎல் எடிட் டவ்காட்’ திறந்து, யூனிட் பகுதியில் ‘ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/வார்/விமெயில்’ என்று ஒரு வரி. டிஸ்க் வராமல் டவ்காட் இனி எழும்பாது, எழும்பவும் கூடாது. அடுத்தது, டிஸ்க்கை அன்மவுண்ட் செய்த நிலையில் காலி மவுண்ட் பாயின்ட்டுக்கு ‘சாட்டர் +ஐ’. அதன்பின் ரூட்டாக இருந்தாலும் அதற்குள் எதையும் எழுத முடியாது, சௌனும் பலிக்காது. டிஸ்க் மேலே மவுண்ட் ஆவதை இது தடுக்காது.

/ரன் உள்ளே கையால் ஃபோல்டர் போடுவது

அது மெமரியில் இருப்பது. ரீபூட்டில் போய்விடும். கடிதத்தில் கையொப்பம் போடும் ஓப்பன்டிகிமின் சாக்கெட்டுக்கு ஃபோல்டர் வேண்டுமென்றால், பூட்டில் தானே உருவாகும்படி ‘டெம்ப்ஃபைல்ஸ்.டி’-யில் எழுதிவையுங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸை ஒரே ஐபியில் கட்டிப்போடுவது

நெட்வொர்க் வருவதற்குள் போஸ்ட்ஃபிக்ஸ் எழும்பினால் ‘நோ லோக்கல் இன்டர்ஃபேஸ் ஃபவுண்ட்’ என்று விழும். ‘இனெட்_இன்டர்ஃபேசஸ்’ இடத்தில் ‘ஆல்’ வைத்து, தடுக்க வேண்டியதை ஃபயர்வாலில் தடுங்கள்.

கியூவைத் துடைத்துப் பார்ப்பது

வேண்டாம். ‘போஸ்ட்சூப்பர் -டி ஆல்’ அடித்தால் போனது போனதுதான்.

கடிகாரத்தை மறப்பது

மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி செத்த பழைய டவர்கள் கரண்ட் போய் வந்ததும் பல வருடம் பின்னால் போய்விடும். மற்ற சர்வர்களின் சான்றிதழ் ‘இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’ என்று அந்த மெஷின் சொல்லும்; ஆள் டிஎல்எஸ் (இணைப்பைப் பூட்டும் முறை) கான்ஃபிகை இரண்டு மணி நேரம் தோண்டிக்கொண்டிருப்பார். முதலில் ‘டேட்’ அடித்துப் பாருங்கள்.