மெட்ராய்ட் பிரைம் சண்டைகள்: லெவல் டிசைன் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் மெட்ராய்ட் பிரைம் என்ற வீடியோ கேமை ஆடியவர்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பிடித்துவிட்டால் அவர்களிடமிருந்து தப்பிப்பது அதைவிடக் கஷ்டம். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் சித்தப்பா ஊருக்கு வரும்போது தூக்கிவந்த கேம்க்யூப் கன்சோலில் ஆடிய முப்பது தாண்டிய ஆட்கள் ஒரு பக்கம், ஸ்விட்ச் கன்சோலில் அதன் புதுப்பித்த பதிப்பான ரீமாஸ்டரை இப்போதுதான் முடித்துவிட்டு வந்து நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். டீக்கடையில் ஆரம்பிக்கும் பேச்சு எங்கே சுற்றினாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டும்: முதல் மூன்று பாகங்களில் எதன் லெவல் டிசைன், அதாவது இடங்களைக் கட்டிய விதம், நல்லது?

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. முதல் பாகம் 2002இல் கேம்க்யூபுக்கு வந்தது, இரண்டாவதான எக்கோஸ் 2004இல், மூன்றாவதான கரப்ஷன் 2007இல் வீ (Wii) கன்சோலுக்கு. மூன்றையும் நின்டெண்டோவுக்காகச் செய்தது அமெரிக்காவில் டெக்சாஸின் ஆஸ்டினில் இருக்கும் ரெட்ரோ ஸ்டுடியோஸ். சாமஸ் என்ற விண்வெளி வேட்டைக்காரியின் கவசத்துக்குள் இருந்து பார்க்கிற மாதிரி ஆட்டம். பெயருக்குத் துப்பாக்கி கையில் இருக்கும், ஆனால் வேலை முழுக்க இடங்களைத் துழாவுவதுதான்.

எனக்கு இந்த வாக்குவாதங்களில் ஒரே ஒரு குறை. லெவல் டிசைன் என்று சொல்லிவிட்டு முக்கால்வாசிப் பேர் வேறு எதையோ பேசுகிறார்கள். இந்த மாதிரி ஆட்டத்தில் ஓர் இடம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது முதல் தடவை நுழையும்போது பாதிதான் தெரியும். புதுக் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பி வரும்போதுதான் மீதி தெரியும். அந்த இரண்டாவது வருகையைக் கணக்கில் எடுக்காமல் சொல்லும் எந்தத் தீர்ப்பையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை.

முதல் தவறு, அழகையும் அமைப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. முதல் பாகத்தின் பனிப்பகுதியான ஃபென்ட்ரானா ட்ரிஃப்ட்ஸ் என்று சொன்னாலே எல்லோர் முகமும் மலரும். பனி கொட்டுகிறது, இசை மெதுவாக ஏறுகிறது, அதுவும் மாக்மூரின் எரிமலைக் குழம்புச் சூட்டிலிருந்து லிஃப்டில் ஏறி நேராக அந்தக் குளிருக்குள் போய் நிற்கிறோம். சரி, அருமை, நானும் அங்கே சும்மா நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அது காட்சியும் இசையும் செய்கிற வேலை. ஃபென்ட்ரானாவின் டிசைனைப் புகழ வேண்டுமென்றால் நான் காட்டுவது விண்வெளிக் கொள்ளையரின் ஆய்வுக்கூடங்களைத்தான். விளக்கு வெளிச்சத்தில் அறை அறையாகச் சண்டை போட்டுக்கொண்டே உள்ளே போவீர்கள், கடைசி அறையில் வெப்பத்தைக் காட்டும் தெர்மல் வைசரை எடுப்பீர்கள், எடுத்த அந்த நொடியே மின்சாரம் போய்விடும், கண்ணாடித் தொட்டியில் அடைபட்டிருந்த மெட்ராய்டுகள் என்ற உயிரினங்கள் வெளியே வந்துவிடும். இப்போது வந்த வழியே இருட்டில் திரும்ப வேண்டும். அதே அறைகள், அதே படிகள். கதவுக்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்புகளை இப்போது எடுத்த வைசரில் பார்த்து, வேவ் பீம் என்ற ஆயுதக் கதிரால் சுட்டு உயிர் கொடுத்தால்தான் வழி. புதிதாக ஒரு சுவர்கூடக் கட்டாமல் ஓர் இடத்தை இரண்டு இடமாக்கியிருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் பனியைப் பற்றி மட்டும் பேசினால் எப்படி?

அடுத்து, மேப்பின் வடிவத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. "மாப்ளே, மாக்மூர் என்னடா மாக்மூர், இந்தக் கோடியில நுழைஞ்சா அந்தக் கோடியில வர்றோம், வெறும் குழாய்" என்று ஒருவன் சொன்னான். தனியாகப் பார்த்தால் உண்மைதான், மாக்மூர் கேவர்ன்ஸ் நீளமான ஒரு பாதை. ஆனால் அதிலிருந்து கிளம்பும் லிஃப்ட்கள் எங்கெங்கே போகின்றன என்று பாருங்கள்: சோசோ ரூயின்ஸ், டாலன் ஓவர்வேர்ல்ட், ஃபென்ட்ரானாவின் இரண்டு முனைகள், ஃபேஸான் மைன்ஸ். முதல் பாகம் நடக்கும் டாலன் ஃபோர் கிரகத்தின் முதுகெலும்பே அதுதான். நடுவழியை யாரும் சுற்றிப் பார்ப்பதற்காகக் கட்டுவதில்லை. ஓர் ஏரியாவை மற்ற ஏரியாக்களிலிருந்து வெட்டி எடுத்து மதிப்பெண் போடுகிற பழக்கம் மூன்று பாகத்துக்குமே பொருந்தாது, முதல் பாகத்துக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

செட்டிநாட்டு ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டின் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசல்கள் நேர்க்கோட்டில் போய்ப் பின்தெரு வெளிச்சம் வரை தெரியும். வளவில் நடுவே முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைகள், பாதி பூட்டியிருக்கும், ஒவ்வொரு சாவியும் ஒவ்வொரு பங்காளியிடம். விருந்தாளிக்கு வழி தவறாது, ஆனால் எல்லாம் திறக்கவும் திறக்காது. சோசோ ரூயின்ஸின் மெயின் பிளாசா கிட்டத்தட்ட அந்த வளவுதான். முதல் தடவை நுழையும்போதே மேலே எட்டாத திட்டு தெரிகிறது, ஓரத்தில் வளைந்த சரிவு தெரிகிறது, எதுவும் செய்ய முடியாத மரம் தெரிகிறது. கருவிகள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும்போது இவை திறக்கும்: பூஸ்ட் பால் வந்த பிறகு சரிவு, சூப்பர் மிசைல் வந்த பிறகு மரம், கிராப்பிள் பீம் வந்த பிறகு திட்டு. ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் ஒரு பூட்டு கழல்கிறது. மேப்பில் அது ஒரு சாதாரண அறை.

இப்போது பெரிய சண்டைக்கு வருவோம், பேக்டிராக்கிங். போன வழியே திரும்பி வருவது என்றாலே குறை என்று ஒரு கூட்டம், அதுதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு விஷயத்தைப் பேசுகிறார்கள். திரும்பி வரும்போது இடமோ நீங்களோ மாறியிருந்தால் அது டிசைன். எதுவும் மாறாமல் வெறும் தூரம் மட்டும் இருந்தால் அது நடை. எக்கோஸில் டார்வஸ் பாக் என்ற சதுப்பு நிலம் நல்ல உதாரணம். அடியில் தண்ணீர் நிறைந்த நிலையத்துக்குள் முதலில் இறங்கும்போது காலில் கல்லைக் கட்டியது போல இழுக்கும், தாவினாலும் ஏற முடியாது, எரிச்சலாக இருக்கும். கிராவிட்டி பூஸ்ட் என்ற கருவி கிடைத்த பிறகு அதே தண்ணீர் உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறது. கீழே இறங்கும்போது சுவராக இருந்தது மேலே வரும்போது வழியாகிவிடுகிறது. இதையும் பேக்டிராக்கிங் என்று சொல்லித் திட்டுபவர்களை என்ன செய்வது?

அதற்காக எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்கவும் கூடாது. முதல் பாகத்தில் கடைசிக் கட்டத்தைத் திறக்கும் 12 ஆர்டிஃபாக்ட்கள், எக்கோஸில் கடைசிக் கோயிலுக்கு 9 சாவிகள், இவற்றைத் தேடி அலையும் பகுதி இழுவைதான் என்று நானும் சொல்வேன். ஆனால் இங்கேயும் ஒரு தவறு நடக்கிறது. முதல் பாகத்தில் ஆர்டிஃபாக்ட் கோயிலின் தூண்களை ஸ்கேன் செய்தால் எது எங்கே இருக்கும் என்று துப்புக் கிடைக்கும், போகிற வழியிலேயே பலவற்றை எடுத்துக்கொள்ளலாம். கடைசி வரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, முடிவில் மொத்தமாகக் கிளம்பி உலகம் சுற்றியவர்கள்தான் அதிகமாகத் திட்டுகிறார்கள். எக்கோஸின் 9 சாவிகளுக்கு அவ்வளவு தாராளம் கிடையாது. டார்க் வைசர் போட்டால்தான் கண்ணுக்கே தெரியும், அதனால் தேடுதலின் பெரும்பகுதி கடைசியில்தான் வந்து குவிகிறது. அங்கே குறை சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

எக்கோஸ் பற்றிப் பேசும்போது இன்னொன்று. சிரமத்தை டிசைன் என்று எண்ணுவது. பூஸ்ட் கார்டியன் என்ற பெரிய எதிரியோடு நடக்கும் சண்டையில் செத்துச் செத்து வந்தவர்கள் "எக்கோஸ் லெவல் டிசைன் மோசம்" என்று முடித்துவிடுகிறார்கள். எக்கோஸின் இருள் உலகமான டார்க் ஈத்தரின் காற்றே உயிரைக் கரைக்கும், அந்தச் சண்டை நடக்கும் அறையில் ஒதுங்கப் பாதுகாப்பு வளையம்கூட இல்லை, கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு சண்டையின் சமநிலையில் நடந்த பிசகு. அந்த உலகத்தின் அமைப்பு வேறு கேள்வி: ஒரு ஒளி வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்கு எத்தனை அடி, நடுவில் எதிரி நின்றால் ஓடுவதா அடிப்பதா, எந்தப் படிகத்தைச் சுட்டால் வழி நீளும். டார்க் சூட் என்ற கவசம் கிடைத்ததும் அந்தக் கணக்கு தளர்கிறது, லைட் சூட் கிடைத்ததும் கணக்கே இல்லாமல் போகிறது, போதாததற்குக் கோயிலுக்குக் கோயில் ஒளிக்கற்றையில் பறக்கவும் முடிகிறது. முதல் சில மணி நேரத்தோடு ஆட்டத்தை மூடிவைத்தவர்களுக்கு இந்த மாற்றம் தெரிய வாய்ப்பில்லை. அந்த இருள் உலகப் பகுதிகளான டார்க் ஆகானும் டார்க் டார்வஸும் பார்க்க ஒரே ஊதா நிறத்தில் இருக்கின்றன என்ற புகார் மட்டும் நூற்றுக்கு நூறு சரி.

கரப்ஷனுக்கு நடப்பது வேறு அநியாயம். முதல் பாகத்தை வைத்து அதை அளக்கிறார்கள். ஒரே கிரகம், எல்லாம் எல்லாவற்றோடும் பின்னியிருக்கும் என்பது டாலன் ஃபோரின் திட்டம். கரப்ஷனில் பிரையோ, எலிசியா, கொள்ளையர் கிரகம் என்று கப்பலில் பறந்து இறங்குகிறோம், பிரையோவிலேயே இறங்கும் இடங்கள் பல. பின்னல் குறைவு என்பது நிஜம், அது ஒரு இழப்புதான். ஆனால் அந்த ஆட்டம் கப்பலையே ஒரு சாவியாக்கியிருக்கிறது: கப்பலுக்குக் கிராப்பிள் கிடைத்தால் பெரிய பொருளைத் தூக்கி நகர்த்தலாம், மிசைல் கிடைத்தால் வழியை உடைத்துத் திறக்கலாம். கொள்ளையர் கிரகத்தில் அமில மழை, அதைத் தாங்கும் கவசம் கிடைக்கும் வரை திறந்தவெளியே ஒரு பூட்டு. வால்ஹாலா என்ற சிதைந்த கப்பலில் கையில் இருக்கும் எனர்ஜி செல்கள் எவ்வளவோ அவ்வளவு தூரம்தான் உள்ளே போக முடியும். இவ்வளவையும் விட்டுவிட்டு "நேர்க்கோடு" என்று ஒரே வார்த்தையில் தள்ளுவது சோம்பேறித்தனம். எனக்குப் பிடிக்காதது ஒன்றைச் சொல்கிறேன்: எலிசியாவில் இருக்கும் ஸ்கைடவுனின் ஆய்வகத்தில் செயற்கைக்கோள்களை ஏவிவிட்டால் ஒளிந்திருக்கும் பொருட்களெல்லாம் மேப்பில் தெரிந்துவிடுகின்றன. தேடும் வேலையை அதுவே முடித்துக் கையில் கொடுத்துவிடுகிறது.

கதவு திறக்க நேரமாகிறது, அறைக்கும் அறைக்கும் நடுவே எதற்கு இந்த வளைந்த சந்து என்றெல்லாம் குறை சொல்பவர்கள் உண்டு. கேம்க்யூபின் டிஸ்க் அடுத்த அறையை ஏற்றுவதற்கான அவகாசம் அது, கதவைச் சுட்டதும் ஏற்றும் வேலை தொடங்குகிறது. லோடிங் திரை காட்டாமல் ஓட்ட வேண்டும் என்ற முடிவின் விலை. பிடிக்கவில்லை என்றால் சரி, ஆனால் திறமைக் குறைவு என்று சொல்லாதீர்கள்.

வழிகாட்டி வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டுக்கொண்டு ஆடியவர்கள் "தேடுவதற்கு ஒன்றுமே இல்லையே அண்ணே" என்று கேட்கும்போது பதில் சொல்லத் தோன்றுவதில்லை. ஆட்டத்துக்குள்ளேயே கொஞ்ச நேரம் அலைந்தால் மேப்பில் கேள்விக்குறி போட்டு இடம் காட்டும் ஹின்ட் வசதி உண்டு, அதை ஆப்ஷன்ஸில் அணைத்துவிடலாம். வழி கண்டுபிடிப்பது பற்றி வாதாடுபவர் அதை அணைத்து ஆடினாரா என்று முதலில் கேளுங்கள், பாதி வாதம் அங்கேயே தெளிந்துவிடும். இதற்கு நேர் எதிர்த் தவறு, ஆட்டத்தை அதிவேகமாக முடித்துக்காட்டும் ஸ்பீட்ரன் பார்த்துப் பேசுவது. ஸ்கேன் வைசரை வைத்து ஒரு பக்கத் தாவல் தாவி இரட்டைத் தாவல் தரும் ஸ்பேஸ் ஜம்ப்பை ஆரம்பத்திலேயே எடுத்துவிடுகிறார்கள், உடனே "பாருங்க, எவ்வளவு சுதந்திரமான டிசைன்" என்கிறார்கள். ரெட்ரோ போட்ட வரிசையில் அது பூஸ்ட் பாலுக்குப் பிறகு வருவது, பின்னால் வந்த பதிப்புகளில் அந்த ஓட்டையை அடைத்தும்விட்டார்கள். ஆட்டக்காரர்களின் சாமர்த்தியத்துக்குப் பாராட்டு, அதை டிசைனர் கணக்கில் வரவு வைக்க முடியாது.

அப்புறம் பதிப்பு. இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் எங்கள் ஊர்ச் சண்டைகளில் பாதி இதனால்தான். 2009இல் மூன்றையும் ஒன்றாக்கி வீக்கு ஒரு தொகுப்பு வந்தது, அதில் எக்கோஸின் கடுமையைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள், அந்த பூஸ்ட் கார்டியன் உட்பட. 2023 பிப்ரவரியில் ஸ்விட்சுக்கு வந்த ரீமாஸ்டர் முதல் பாகத்துக்கு மட்டும்தான், இரண்டு ஸ்டிக்கில் இக்காலத்து ஆட்டம் போல ஆடலாம். ஆக, ஒருவர் புதுப் பளபளப்போடு இருக்கும் முதல் பாகத்தையும், இன்னொருவர் 2004இன் கேம்க்யூப் எக்கோஸையும், மூன்றாமவர் வீ ரிமோட்டை ஆட்டிக்கொண்டு கரப்ஷனையும் மனதில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கத்துகிறார்கள். அறைகள் அதேதான், ஆனால் திரும்புவதும் குறிபார்ப்பதும் மாறினால் ஒரே அறை விசாலமாகவோ நெருக்கடியாகவோ படும்.

என் வரிசையைக் கேட்பீர்கள் என்று தெரியும். மொத்த உலகமாக முதல் பாகம். தனி ஏரியா என்றால் எக்கோஸின் சாங்க்சுவரி ஃபோர்ட்ரஸ், அதற்கு மேல் மூன்று பாகத்திலும் எதுவும் இல்லை, ஸ்பைடர் பாலோடு சுவரில் ஊர்ந்துகொண்டு கீழே பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கரப்ஷன் மூன்றாவதுதான், ஆனால் ஸ்கைடவுனை யாராவது மட்டமாகப் பேசினால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.