குப்பை கொட்டுபவர் மீதும் எரிப்பவர் மீதும் அபராதம் விதிக்கும்படி புகார் அளிப்பது எப்படி

பொது இடத்தில் குப்பையைக் கொட்டுவதும் திறந்தவெளியில் அதைக் கொளுத்துவதும் பெரும்பாலான நாடுகளில் தண்டனைக்குரிய குற்றங்கள். ஆனால் அதிகாரி ஒருவர் அபராதம் விதிக்க வேண்டுமானால், யார் செய்தார், எப்போது, எந்த இடத்தில், எந்த வகைக் கழிவு என்ற நான்கு கேள்விகளுக்கும் அவர் கையில் விடை இருக்க வேண்டும். குவியலின் படம் மட்டும் இணைக்கப்பட்ட புகாரைப் பெறுபவரால், ஆளை அனுப்பிக் குப்பையை அள்ளச் சொல்ல முடியுமே தவிர, யாரிடமும் பணம் வசூலிக்க முடியாது. எனவே புகார் எழுதுவதற்கு முன்பு ஆதாரம் சேர்க்க வேண்டும்.

முதலில் தண்டனை எத்தனை படிகளாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கீழ்ப்படியில் இருப்பது உள்ளாட்சி ஊழியர் அந்த இடத்திலேயே விதிக்கும் அபராதம். அதைக் கட்டிவிட்டால் வழக்கு பெரும்பாலும் அத்துடன் முடியும். அதற்கு மேல் நீதிமன்ற வழக்கு, வாகனப் பறிமுதல், இடத்தைத் துப்புரவு செய்த செலவை வசூலித்தல், தொழிற்கூடமாக இருந்தால் உரிமத்தை ரத்து செய்தல் ஆகியவை வருகின்றன. இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குப்பை கொட்டியவருக்கு உள்ளாட்சி அமைப்பு நேரடியாக 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். நீதிமன்றத்துக்குச் சென்றால் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. இந்தியாவில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் திறந்தவெளியில் கழிவுகளை எரிப்பதற்கு முழுத் தடை விதித்து, சாதாரணமாக எரிப்பவருக்கு 5,000 ரூபாயும் பெருமளவில் எரிப்பவருக்கு 25,000 ரூபாயும் சுற்றுச்சூழல் இழப்பீடாக நிர்ணயித்தது. இப்படி அளவையும் வகையையும் பொறுத்துத் தொகை மாறுவதால், ‘குப்பை’ என்று மொத்தமாக எழுதாமல், கட்டட இடிபாடு, பழைய டயர், மருத்துவக் கழிவு, வீட்டுக் கழிவு என்று பிரித்து எழுதுவதும், எத்தனை வண்டிச் சுமை இருக்கும் என்று குறிப்பிடுவதும் பயன் தரும்.

கொட்டப்பட்ட குப்பை ஓரிரு நாளாவது அங்கேயே கிடக்கும் என்பதால், அதற்கு ஆதாரம் திரட்டுவது சற்று எளிது. மூன்று படங்கள் எடுத்தால் போதும்: பெயர்ப்பலகை, மின்கம்பத்தின் எண், பாலம் போன்ற நிலையான அடையாளத்துடன் தூரத்திலிருந்து ஒன்று, குவியல் முழுவதும் தெரியும்படி ஒன்று, கழிவின் வகை விளங்கும்படி அருகிலிருந்து ஒன்று. கொட்டும் நேரத்திலேயே கண்ணில் பட்டால் வாகனத்தின் பதிவு எண், நிறம், வகை, சென்ற திசை ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ளுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் எண்ணில் ஒரு இலக்கமாவது இடம் மாறிவிடும். மூட்டைக்குள் யாருடைய முகவரியாவது இருக்குமா என்று கிளறத் தோன்றும். முகவரியுள்ள கடித உறையும் ரசீதும் கிடைத்தால் நல்ல துப்புதான்; ஆனால் அதைத் தேடி எடுக்கும் வேலை கையுறையும் அதிகாரமும் உள்ள ஆய்வாளருடையது. ஊசி, உடைந்த கண்ணாடி, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓட்டின் துகள் என்று உள்ளே எது கிடக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. நீங்கள் கலைத்த குவியலை ஆதாரமாக ஏற்பதிலும் சிக்கல் வரலாம்.

எரிப்பது வேறு வகையான சிக்கல். புகை கலைந்துவிடும், சாம்பலைக் காற்று கொண்டுபோய்விடும், மறுநாள் வரும் அதிகாரிக்குக் கருகிய தரை மட்டுமே மிஞ்சும். அதனால் காணொளியே சிறந்தது: அசையாத அடையாளம் ஒன்றில் தொடங்கி, தீயின் அடிப்பகுதி வரை மெதுவாக நகர்த்தி, என்ன எரிகிறது என்பது தெரியும்படி அரை நிமிடமாவது பதிவு செய்யுங்கள். வானில் எழும் கரும்புகையை மட்டும் படம்பிடித்தால், அது எங்கிருந்து கிளம்பியது என்பதைக்கூட நிறுவ முடியாது. தாமிரத்துக்காக மின்கம்பியை எரிப்பது, டயர் எரிப்பது போன்றவற்றைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கம்பியின் உறையாக இருக்கும் பிவிசியில் குளோரின் இருப்பதால், அது எரியும்போது மூக்கை எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடும், அரைகுறையாக எரியும் சூட்டில் டயாக்சின், ஃபியூரான் போன்ற நச்சுகளும் உண்டாகின்றன. எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்த 2001-இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, இந்த நச்சுகள் பிறக்கும் இடங்களில் ஒன்றாகக் கழிவைத் திறந்தவெளியில் எரிப்பதையும் பட்டியலிட்டிருக்கிறது. படம் எடுக்கும்போது காற்று வீசி வரும் பக்கமாக, தள்ளி நில்லுங்கள். தீ பரவும் அறிகுறி இருந்தால் ஆதாரத்தை மறந்துவிட்டு முதலில் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

எடுத்த கோப்புகளை அப்படியே வைத்திருப்பது முக்கியம். செய்திச் செயலிகள் வழியாக அனுப்பும்போது பல நேரங்களில் படம் சுருக்கப்பட்டு, எடுத்த நேரமும் இடமும் அடங்கிய தகவல் நீங்கிவிடுகிறது. மூலக் கோப்பைக் கைப்பேசியிலேயே விட்டுவிட்டு, பிரதியை மட்டும் புகாருடன் இணையுங்கள். வாகன எண்ணுடன் சமூக ஊடகத்தில் போட்டு நியாயம் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி திருடப்பட்டதாகவோ வாடகைக்கு விடப்பட்டதாகவோ இருந்தால், அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும்.

சிறிய அளவிலான வீட்டுக் குப்பைக்கும் தெருவோரத் தீக்கும் உள்ளாட்சி அமைப்பின் சுகாதாரப் பிரிவிடம் செல்லலாம். தொழிற்சாலைக் கழிவு, ரசாயனம், மருத்துவக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் உள்ள அமைப்பிடம் செல்ல வேண்டும். எங்கே என்று தெளிவில்லையானால், இரண்டுக்கும் ஒரே புகாரை அனுப்பி, யார் யாருக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்பதை அதிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். புகாரின் வாசகம் இவ்வளவு சுருக்கமாக இருக்கலாம்: “இம்மாதம் 4-ஆம் தேதி இரவு 9.40 மணிக்கு, கால்வாய்ப் பாலத்தின் வடக்குக் கரையில், இணைப்பில் கண்ட பதிவு எண் கொண்ட நீல நிறச் சரக்கு வண்டியிலிருந்து இருவர் கட்டட இடிபாடுகளைக் கொட்டியதை நேரில் கண்டேன். மூன்று படங்களை இணைத்துள்ளேன். கொட்டியவர்மீது நடவடிக்கை எடுத்து, அகற்றும் செலவையும் அவரிடமே வசூலிக்க வேண்டுகிறேன்.” கண்டதையும் ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்றால் அதைத் தனி வரியில் கேட்கலாம். ஆனால் வழக்கு நீதிமன்றம் வரை போனால் சாட்சியாக அழைக்கப்பட வாய்ப்புண்டு.

புகார் எண்ணையோ தேதியிட்ட ஒப்புகையையோ வாங்காமல் திரும்பாதீர்கள். விதியில் சொல்லப்பட்ட அவகாசம் கடந்தால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்பி, அதற்கும் பதில் இல்லையென்றால் மேலதிகாரிக்கு எழுதுங்கள். குப்பை அகற்றப்பட்டது என்று மட்டும் பதில் வந்தால், அபராதம் விதிக்கப்பட்டதா என்று தனியாகக் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கருதப்பட்டுக் கோப்பு மூடப்படுவது சாதாரணம்.

நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கே வரவும் கூடும். பழைய மெத்தையையோ இடிபாட்டையோ யாரோ ஒருவரிடம் பணம் கொடுத்து அனுப்பிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் உரிமம் இல்லாதவரிடம் கொடுத்த வீட்டுக்காரருக்கே இங்கிலாந்தில் 600 பவுண்டு வரை அபராதம் உண்டு. எனவே ஏற்றிச் செல்பவரின் உரிமத்தைப் பாருங்கள், எங்கே கொண்டுபோகிறார் என்று கேளுங்கள், பெயரும் தேதியும் வாகன எண்ணும் எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்தால் பதிலளிக்கக் கொடுத்த கெடுவுக்குள் அந்த ரசீதின் பிரதியுடன் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். கெடு கடந்துவிட்டால் ரசீது கையில் இருந்தும் மேல்முறையீட்டுக்கு அலைய நேரும்.