தருமபுரிக்குப் படிக்க வருகிறீர்களா? அறையைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

நான் கும்பகோணத்துக்காரி. எம்.எஸ்சி. படிக்கத் தருமபுரிக்கு வந்தபோது ஒரே மதியத்தில் அறை பார்த்து முடித்துவிட்டேன். பேருந்து நிலையம் பக்கம், வாடகை குறைவு, இரண்டு ஜன்னல். போதும் என்று அட்வான்ஸ் கொடுத்தேன். பத்தாம் நாள் பார்த்தால், டீ போடும் பாத்திரத்துக்குள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் படலம். துணிக்குப் போட்ட சோப்பு நுரைக்கவில்லை. தலைக்குக் குளித்தால் முடி கயிறாகத் திரிந்துகொண்டது. குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரே குழாய்தான். நாலே மாதத்தில் வேறு ஏரியாவுக்கு மாறினேன். அட்வான்ஸில் பாதி திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம் வந்த ஜூனியர் பெண்களுக்கெல்லாம் அறை தேடிக் கொடுத்தது நான்தான். அவர்களிடம் சொன்னதை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

1. கல்லூரி எந்தத் திசையில் இருக்கிறது?

அட்மிஷன் கடிதத்தில் எல்லோருக்கும் தருமபுரி என்றுதான் இருக்கும். ஆனால் அரசு கலைக் கல்லூரி சேலம் சாலையில், கலெக்டர் ஆபீஸ் பக்கம். மருத்துவக் கல்லூரி ஊருக்குள்ளேயே நேதாஜி பைபாஸ் சாலையில். பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மையம் பைசுஅள்ளியில், பொறியியல் கல்லூரி செட்டிக்கரையில். இந்த இரண்டும் ஊருக்கு வெளியே. இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘தருமபுரியில் ரூம்’ என்று தேடினால் காலையும் மாலையும் பஸ்ஸில்தான் கழியும்.

கலைக் கல்லூரி என்றால் இலக்கியம்பட்டி, பாரதிபுரம், ஒட்டப்பட்டி பக்கம் முதலில் பாருங்கள். மருத்துவக் கல்லூரி என்றால் பிடமனேரி, குமாரசாமிப்பேட்டை. பைசுஅள்ளிக்கும் செட்டிக்கரைக்கும் போகிறவர்களுக்கு என் யோசனை, பேருந்து நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் தங்குவது. கல்லூரிக்கு அருகிலேயே அறை கிடைத்தாலும், மாலையில் மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸுக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கும் ஊருக்குள் வந்துதான் ஆக வேண்டும்.

2. வகுப்பு நேரத்தில் ஒரு தரம் போய்ப் பாருங்கள்

போனில் பேசி அறையை முடிக்காதீர்கள். மூன்று நாள் தெரிந்தவர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கி, காலை வகுப்புக்குப் போகிற அதே நேரத்தில் பஸ் ஏறுங்கள். முற்பகல் பதினொரு மணிக்குக் காலியாக ஓடுகிற பஸ், காலை எட்டரைக்குப் படிக்கட்டு வரை நிரம்பியிருக்கும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. அந்த வகை பஸ் உங்கள் வழியில் எத்தனை ஓடுகிறது என்று பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை நிறுத்தத்தில் இருக்கும் டீக்கடையில் கேளுங்கள். லேப் முடிய நேரமாகும் நாட்களில் அந்த ஒரு பதில்தான் கைகொடுக்கும்.

3. தண்ணீர்

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். இங்குள்ள பாறையிலிருந்தே அது நீரில் கரைந்து வருகிறது. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து, 2013-இல் திறந்தார்கள். எங்கள் ஊர்ப் படித்துறையைத் தொட்டுப் போகிற அதே காவிரி இங்கே குழாயில் வருகிறது. முதல் குடம் பிடித்த அன்று அம்மாவுக்கு போன் போட்டு இதைத்தான் சொன்னேன்.

சிலவற்றைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பாத்திரத்தில் படிகிற வெள்ளை, ஃப்ளூரைடு இல்லை. அது தண்ணீரின் கடினத்தன்மை, சுண்ணாம்புச் சத்து. ஃப்ளூரைடு கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. கருவி அதைப் பெருமளவு குறைக்கும். பல்லில் வரும் பழுப்புக் கறை, பல் உருவாகும் சிறு வயதில் குடித்த தண்ணீரால் வருவது. இரண்டு வருடம் படிக்க வருகிற உங்களுக்கு அந்தக் கறை வராது. அதற்காகத் தெரிந்தே அந்தத் தண்ணீரைத் தினமும் குடிக்க வேண்டுமா? வேண்டாம். நீண்ட காலம் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பாதிக்கிறது.

ஆகவே வீட்டுக்காரரிடம் “தண்ணி வசதி இருக்கா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் “இருக்கு” என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: “ஒகேனக்கல் தண்ணி வருதுங்களா? எத்தனை நாளைக்கு ஒரு தரம்? மாடிக்கும் தனிக் குழாய் உண்டா, கீழே வந்து பிடிக்கணுமா?” பிறகு அதே கேள்வியைத் தெருவில் குடம் வைத்திருக்கும் அக்காவிடமும் கேளுங்கள். நான் இரண்டாவது அறை பார்க்கப் போனபோது, மாடிக் குழாயில் கை நீட்டிக் குடிக்கப் போன என்னைப் பக்கத்து வீட்டு அம்மா தடுத்தார். “அது உப்புத் தண்ணி கண்ணு, போர்ல இருந்து வர்றது. நல்ல தண்ணி வாசல்ல, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.” இங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணி, ஒகேனக்கல் தண்ணீர் நல்ல தண்ணி. இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் பாதி விசாரணை முடிந்தது.

சந்தேகம் தீராவிட்டால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். நாலு பேர் பகிர்ந்துகொண்டால் செலவு தெரியாது.

4. அறையை இரண்டு நேரத்தில் பாருங்கள்

மதியம் மூன்று மணிக்கு ஒரு தரம். மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட அறைகள் வாடகை குறைவாகக் கிடைக்கும். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூட்டில் கையை எடுத்துவிட்டால், ஏப்ரலில் பரீட்சைக்கு அங்கே உட்கார்ந்து படிக்க முடியாது.

இரவு எட்டு மணிக்கு இன்னொரு தரம். பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் வரை நடங்கள். தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா, வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களா? பெண்கள் இதைத் தோழியோடு சேர்ந்து பாருங்கள். பிடமனேரி, ராமாக்காள் ஏரி போன்ற ஏரிகளை ஒட்டிய தாழ்வான தெரு என்றால், ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

குமாரசாமிப்பேட்டையில் தங்கினால் தைப்பூசத் தேரைத் தவறவிடாதீர்கள். பெண்கள் வடம் பிடித்து இழுக்கும் தேர். அந்த நாட்களில் கூட்டம் அதிகம், வகுப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்புங்கள்.

5. பணமும் காகிதமும்

2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. நான் வாய்ப்பேச்சில் கொடுத்ததால்தான் பாதியை இழந்தேன். அட்வான்ஸ் எவ்வளவு, காலி செய்தால் எப்போது திரும்பும், வெள்ளையடிக்க அதில் பணம் பிடிப்பார்களா, மூன்றையும் எழுதி வாங்குங்கள். கரண்டுக்குத் தனி மீட்டர் உண்டா என்று பாருங்கள். ஒரே மீட்டரை நாலு அறைக்குப் பங்கு போட்டால், யாரோ ஓட்டுகிற ஹீட்டருக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள்.

தனியார் பெண்கள் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். காட்டச் சொல்லுங்கள்; தயங்கினால் அடுத்த விடுதிக்குப் போங்கள். அரசு மாணவர் விடுதிகளுக்கு விண்ணப்பம் எப்போது என்று சேர்க்கை நாளன்றே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். இடம் சீக்கிரம் முடிந்துவிடும்.

அறை முடிவானதும் ஒரு பெட்டி, ஒரு பாய், மூடி போட்ட இரண்டு குடம் மட்டும் எடுத்துக்கொண்டு குடிபோங்கள். மற்ற சாமானை அடுத்த வாரம் கொண்டுவரலாம். போன அன்றைக்கே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, நல்ல தண்ணி இனி எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.