தன்னார்வலர் வீட்டிலிருந்து ஒரு நாள் வெளியே கிளம்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கம் வாடகைக்கு வீடு பிடித்து எட்டுப் பத்து பேராகத் தங்கி, மாலை வகுப்பு எடுப்பது, ஆற்றில் குப்பை அள்ளுவது என்று ஓடிக்கொண்டிருக்கும் இளைஞர் குழுக்களில், அவ்வப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போகலாம் என்று பேச்சு கிளம்பும். கிளம்பத்தான் வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே வேலையும் சாப்பாடும் தூக்கமும் என்று இருப்பவர்களுக்கு அந்த ஒரு நாள் அவசியம். ஆனால் பல வீடுகளில் அந்த நாள் முடிந்து வரும்போது இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்கள், ஒருவர் வராமலே இருந்திருப்பார். இதற்கெல்லாம் விதை பெரும்பாலும் முந்தின நாள் ராத்திரியே போடப்பட்டிருக்கும்.

முதல் தவறு பணத்தில். சத்தமாகப் பேசுகிற இரண்டு பேர் வேன் பிடிக்கலாம், ஆளுக்கு ஐந்நூறு போட்டால் போதும் என்று கூடத்தில் வைத்து முடிவு செய்துவிடுவார்கள். அங்கே ஒருவர் மெதுவாக, "எனக்குத் துணி துவைக்கிற வேலை கிடக்கு, நீங்க போய்ட்டு வாங்க" என்பார். துணியெல்லாம் காரணமே இல்லை. மாதச் செலவுக்குக் கையில் வருகிற சின்னத் தொகையில் பாதியை வீட்டுக்கு அனுப்புகிறவராக இருப்பார், அதை எல்லார் முன்னாலும் சொல்ல முடியாது. அதனால் குறைவாகக் கொடுக்க முடிந்தவரிடம் முதலில் தனியாகக் கேளுங்கள், அந்தத் தொகையை வைத்து எங்கே போவது என்று யோசியுங்கள். இடத்தை முடிவு செய்துவிட்டுப் பணம் கேட்டால் யாரோ ஒருவர் கழன்றுகொள்வார். தாமிரபரணிக் கரையில் மலையடிவாரத்தில் இருக்கிற பாபநாசம் போக வேன் வேண்டியதில்லை, புதிய பேருந்து நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது, அம்பாசமுத்திரம் வரைக்கும் செங்கோட்டை பாசஞ்சர் ரயிலிலும் போகலாம். கணக்குப் போடும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரண டவுன் பஸ்ஸில்தான், பாபநாசம் மாதிரித் தூரத்துக்குப் போகிற வண்டியில் எல்லாரும் டிக்கெட் எடுக்கணும்.

அடுத்தது சமையல் முறை. அந்த ஞாயிறு யாருக்கு அடுப்படி முறையோ அவரே காலை நாலு மணிக்கு எழுந்து எல்லாருக்கும் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வருவது நியாயமே இல்லை. வெளியே போகிற நாளுக்கு அட்டவணை கிடையாது என்று வைத்துவிடுங்கள், எல்லாரும் ஆளுக்கொரு கை போடட்டும். நம்ம ஊர் என்பதற்காகக் கூட்டாஞ்சோறு செய்து கட்டாதீர்கள், பருப்பும் காயும் சேர்ந்த சோறு வெயிலில் மத்தியானத்துக்குள் ஊசிப்போகும். புளியோதரைதான் தாங்கும். அதையும் சூட்டோடு தூக்குவாளியில் அமுக்கி மூடினால் வியர்த்துவிடும், தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டு அப்புறம் கட்டுங்கள்.

விசாரிக்காமல் கிளம்புவது இன்னொரு தவறு. பாபநாசத்துக்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988இல் வந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். அகஸ்தியர் அருவிக்கு வனத்துறைச் சாவடி தாண்டித்தான் போகணும், பையைத் திறந்து பார்ப்பார்கள், பிளாஸ்டிக்கும் மதுவும் கொண்டுபோக முடியாது. புலிக் கணக்கெடுப்பு நடக்கும்போது அனுமதி நிறுத்தப்படும், ஆடி அமாவாசைக்குக் காட்டுக்குள் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூட்டம் கூடும்போது கட்டுப்பாடுகள் மாறும். மலைமேல் தேயிலைத் தோட்டம் இருக்கிற மாஞ்சோலைக்குச் சும்மா பைக்கில் ஏறிப் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மணிமுத்தாறு சாவடியிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை வலுத்தால் அருவிகளில் குளிக்கவும் தடை வரும். உள்ளே பல இடங்களில் டவர் கிடைக்காது என்பதால், எத்தனை பேர் எந்த வழியில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டுப் பொறுப்பாளரிடம் எழுதியே கொடுத்துவிட்டுப் போங்கள்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள், மற்ற தவறுகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், தண்ணீரில் நடக்கிற தவறுக்கு அது முடியாது. நீச்சல் தெரியும் என்று சொல்கிறவர்களில் பாதிப்பேருக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல். தாமிரபரணி ஓடுகிற ஆறு. மருதூர், சுத்தமல்லி, அரியநாயகிபுரம் என்று எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன, அவற்றின் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து அரித்த பள்ளம் இருக்கும். மணல் அள்ளிய குழிகள் வேறு. மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் மாதிரித் தெரியும், அடுத்த எட்டில் ஆள் மட்டத்துக்கு மேல் ஆழம். கரையில் துணி துவைக்கிற அக்காவோ மாடு குளிப்பாட்டுகிற அண்ணாச்சியோ "அங்கன போகாதிய தம்பி, கசம் கெடக்கு" என்று, அதாவது ஆழமான மடு இருக்கிறது என்று சொன்னால் அதற்கு மேல் ஒரு அடி வைக்காதீர்கள். அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும், நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவது, படம் எடுப்பது எல்லாம் அதனால்தான் ஆபத்து. தண்ணீர் கலங்கி வேகம் கூடுகிறது என்று பட்டாலே கரையேறிவிடுங்கள்.

பாபநாசம் படித்துறையில் இன்னொன்றும் உண்டு. பாவம் கழியும் என்று நம்பி உடுத்தின துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். கல்லிடுக்கில் ஒரு முனை சிக்கி, மறுமுனை ஓட்டத்தில் நெளிந்துகொண்டு ஒரு பழைய சேலை கிடக்கும், மேலிருந்து பார்த்தால் பாசி மாதிரித்தான் இருக்கும். அது கணுக்காலில் சுற்றிக்கொண்டால் நன்றாக நீந்துகிறவருக்கே பதற்றம் வந்துவிடும். அங்கே துணி அள்ளும் வேலை செய்த குழுக்களுக்கு இது தெரியும், ஆனால் குளிக்கப் போகிற நாளில் அதே பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள், ஒருவர் கண் மற்றவர் மேலேயே இருக்கட்டும். கரையில் ஒருவர் நீளக் கயிறோடு நிற்கட்டும், முறை மாற்றிக்கொள்ளலாம். யாராவது இழுபட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள், கயிறையோ வேட்டியையோ வீசுங்கள், அக்கம்பக்கம் ஆளைக் கூப்பிடுங்கள். இந்த ஆற்றில் ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் சேர்ந்து போன கதைகளைக் கேட்டால் மனசு ஆறாது.

தண்ணீர் பக்கமே வேண்டாம் என்கிறவர்கள் எந்தக் குழுவிலும் ஒருவர் இருவர் இருப்பார்கள். அவர்களைக் கரையில் பைகளுக்குக் காவல் வைத்துவிட்டு நாள் முழுக்கக் குளிப்பதும் தவறுதான். ஒரு முறை ஆறு என்றால் மறு முறை கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாம், ஜனவரியிலிருந்து சில மாதங்கள் வரித்தலை வாத்தும் பூநாரையும் சங்குவளை நாரையுமாகக் குளம் நிறைந்திருக்கும். அங்கே போய் ஸ்பீக்கரில் பாட்டுப் போடாதீர்கள். வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டுகிற பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர் அது. இல்லையென்றால் திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயில், ஒற்றைக் கல்லில் செதுக்கிய சிற்பங்களைப் பார்க்க அரை நாள் வேண்டும். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

போகிற இடத்திலும் குழு டீசர்ட், பேனர், குப்பைப் பையோடு ஒரு படம் என்று ஆரம்பிக்கிற பொறுப்பாளர்கள் உண்டு. வேண்டாம். ஆறு நாள் வேலை செய்த பிள்ளைகளுக்கு அது ஏழாவது வேலை நாளாகிவிடும், அடுத்த முறை கூப்பிட்டால் வர மாட்டார்கள். உங்கள் குப்பையை நீங்கள் எடுத்து வந்தால் போதும்.

திரும்பி வருகிற நேரத்தையும் சேர்த்தே திட்டம் போடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு வந்து, ஈரத்துணியைக் கூடத்தில் போட்டுவிட்டு, எச்சில் பாத்திரத்தை அப்படியே வைத்தால் மறுநாள் காலை முறைக்காரர் தலையில்தான் விழும். இருட்டுவதற்குள் வீடு வந்துவிடுங்கள், தூக்குவாளியை அன்றைக்கே கழுவிக் கவிழ்த்துவிடுங்கள், மிச்சக் காசைச் செலவுக் கணக்கோடு பொது டப்பாவில் போடுங்கள். திங்கட்கிழமை மாலை வகுப்புக்கு யார் போவது என்பதை மட்டும் கிளம்புவதற்கு முன்பே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள்.